உயிரோடு இருப்பதற்கு ஒரு சாட்சி

"அம்மா... அது என்னோட மதியச் சாப்பாடு!"

நோலீன் திடுக்கிட்டுத் திரும்பினாள். கையிலிருந்த குச்சியின் நுனியில் ஒரு மாவுச் சாக்கு தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து கொதிநீர் சொட்டியது. எதிரே ஒரே ஆவி... ஆவி விலகியதும் ஒரு வைக்கோல் தொப்பி தெரிந்தது. தொப்பிக்குக் கீழே இரண்டு கண்கள். மழைக்கு முந்தின கடலின் நிறம். சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற கண்கள்.

அறுபத்தெட்டு வயதில் ஒரு ஆணின் கண்ணை இப்படிப் பார்க்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். பார்த்துவிட்டாள்.

"இது என் சாக்கு" என்றாள்.

"உங்க சாக்குல நீலக் கயிறு. இது சிவப்பு. நீங்க போடும்போது நான் பார்த்தேன்."

"ஓஹோ! ஒளிஞ்சு நின்னு பார்த்தீங்களா?"

"ஒளியல... அந்தப் பூவரச மரத்துக்குப் பின்னால சும்மா நின்னேன்."

எங்கள் சவுசவுவில் வெந்நீர் ஊற்றில் கிழங்கு வேகவைப்பது ஒரு விஷயமே இல்லை. ஃபிஜித் தீவில் இந்தக் கரையில் பூமியே அடுப்பு. சாக்கில் மரவள்ளியைக் கட்டிக் கொதிக்கிற குழிக்குள் இறக்கிவிட்டுச் சந்தைக்குப் போய்வந்தால் வெந்திருக்கும். காஸ் மிச்சம். ஊர்க்காரர்கள் கதை பேசிக்கொண்டே செய்வார்கள். வெட்கமெல்லாம் நியூசிலாந்திலிருந்து பென்ஷனோடு வந்து இறங்குகிறவர்களுக்குத்தான். குளிர் தாங்கவில்லை, வாடகை கட்டுபடியாகவில்லை, அதனால் வந்தோம் என்று ஒருவராவது சொல்ல வேண்டுமே! எல்லோரும் 'வாழ்க்கையை ரசிக்க' வந்தவர்கள். அதோடு, வந்து இறங்கிய யாரும் அங்கே சின்ன வேலை பார்த்ததே கிடையாது. படகுத்துறையில் ஒரு பீர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் சுற்றிலும் கேப்டன்கள், வங்கி மேலாளர்கள், கம்பெனி முதலாளிகள். இத்தனை முதலாளிகள் இருந்த நாட்டில் கக்கூஸ் கழுவியது யார் என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

நோலீன் கழுத்தில் கேமரா மாட்டியிருந்தாள். யாராவது பார்த்தால் சமாளிப்பதற்காக.

"நான் சமைக்க வரல" என்றாள் அவசரமாக. "பொண்ணுக்குப் படம் எடுத்து அனுப்பலாம்னு... வேடிக்கையா இருக்குமேன்னு..."

"நானும்தான்" என்றார் அவர், இன்னும் அவசரமாக. "ஊர் வழக்கங்களைப் பத்திக் கொஞ்சம் ஆராய்ச்சி. நான் மெர்வின். நியூசிலாந்துல டிமரு பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல... ஹெட்மாஸ்டர். ரிட்டயர்ட்."

'ஹெட்மாஸ்டர்' என்ற சொல்லுக்கு முன்னால் அவர் குரல் லேசாகத் தடுக்கியது. அவளுக்கு அது அடக்கமாகத் தோன்றியது. பாவம் நோலீன்...

சாக்கைப் பிரித்தார். மரவள்ளித் துண்டுகளுக்கு நடுவில் நான்கு முட்டைகள்.

"ஆராய்ச்சிக்கு நாலு முட்டையா, ஹெட்மாஸ்டர் சார்?"

மெர்வினின் காது மடல் சிவந்தது. அதற்குள் மழை வந்துவிட்டது. எங்கள் ஊர் மழை சொல்லிக்கொண்டு வருகிற மழை இல்லை. இருவரும் சாக்குகளோடு பூவரச மரத்தடிக்கு ஓடினார்கள். அவர் ஒரு முட்டையை உரித்து நீட்டினார். அவள் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். கை அதன் பாட்டுக்குக் கைப்பைக்குள் போய், மடித்த காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தது. உப்பு.

"படம் எடுக்க வந்தவங்க பையில உப்பு எதுக்கு மேடம்?"

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். விரல் இடுக்கில் பார்த்தபோது அவரும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது... இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஊருக்கு வந்து எட்டு மாதத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

அதன்பிறகு செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணிக்கு ஊற்றங்கரையில் இரண்டு சாக்குகள் சேர்ந்து வெந்தன. 'தற்செயலாக' வந்தது போல இருவரும் வருவார்கள். அவள் சேப்பங்கிழங்கு கொண்டுவந்தால் அவர் பப்பாளி கொண்டுவருவார். அவளுக்கு வலது காது கொஞ்சம் மந்தம். அதனால் அவர் எப்போதும் அவளுடைய இடது பக்கமே உட்கார்ந்தார். யாரும் சொல்லாமலே அதைக் கண்டுபிடித்திருந்தார்.

நோலீன் குடியிருந்தது வாசிதியின் பன் கடைக்குப் பின்னால், ஒற்றை அறையில். தேங்காய்ப்பாலில் வெந்த பன் வாசனை காலை நாலு மணிக்கே வந்துவிடும். நியூசிலாந்தில் டனீடினில் இருக்கும் மகள் ஃபியோனாவிடம் 'கடலைப் பார்த்த வீடு' என்று சொல்லியிருந்தாள். தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றால் கடல் தெரியும். அது பொய்யில்லை.

"யாருக்கா அந்த வைக்கோல் தொப்பி?" என்று கேட்டாள் வாசிதி, பன் தட்டைக் கவிழ்த்துக்கொண்டே.

"ஹெட்மாஸ்டர்" என்றாள் நோலீன். சொல்லும்போது கழுத்து தானாக நிமிர்ந்தது. "பெரிய பள்ளிக்கூடம். முப்பத்தோரு வருஷம்."

வாசிதியிடம் சொன்னால் ஊரிடம் சொன்ன மாதிரி. அந்த வாரமே சந்தையில் மெர்வினை எல்லோரும் 'மாஸ்டர்ஜி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கத்தரிக்காய்க்காரி இரண்டு காய் கூடப் போட்டாள். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் வரிசையாக நின்று "குட் ஆஃப்டர்நூன், சார்!" என்று கத்தினார்கள். ஒவ்வொரு தடவையும் மெர்வின் தொப்பியைத் தாழ்த்திக்கொண்டு வேகமாக நடந்துவிடுவார். எவ்வளவு பணிவு பாருங்கள் என்று ஊர் மெச்சியது.

மார்ச் மாதம் நோலீனுக்குப் பென்ஷன் ஆபீஸ் கடிதம் வந்தது. வெளிநாட்டில் இருக்கிற எல்லோருக்கும் வருஷம் ஒரு தடவை வருகிற கடிதம்தான். நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களா? இருந்தால் அதற்கு ஒரு சாட்சி வேண்டும். டாக்டர், பாதிரியார், ஆசிரியர்... இப்படி ஒருவர் உங்களைக் கண்ணால் பார்த்து, 'ஆம், இவர் உயிரோடு இருக்கிறார்' என்று கையெழுத்துப் போட வேண்டும்.

அவள் நேராக ஊற்றங்கரைக்கு வந்தாள். படிவத்தையும் பேனாவையும் நீட்டினாள்.

"போடுங்க, ஹெட்மாஸ்டர் சார். என்னை நல்லாப் பார்த்துட்டுப் போடுங்க. உயிரோடதானே இருக்கேன்?"

மெர்வின் பார்த்தார். ஆவியில் கலைந்த நரைமுடி, மூக்கு நுனியில் வெயில் உரித்த தோல், குறும்பு பண்ணிக்கொண்டு காத்திருக்கிற பழுப்புக் கண்கள்... உயிரோடு இருப்பது இவளா நானா என்று அவருக்கே குழப்பமாக இருந்தது.

"டாக்டர்கிட்டப் போகலாமே..."

"டாக்டருக்கு என்னைத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்."

இதற்குமேல் என்ன சொல்வது? சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. நாக்கு நுனி வரை வந்தது. அவள் கண்ணைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டது. படிவத்தை உரக்கப் படிப்பது போலப் பாவனை செய்து நேரம் கடத்தினார். "சாட்சி உறவினராகவோ வாழ்க்கைத் துணையாகவோ இருக்கக் கூடாது..."

"அந்தக் கவலைதான் நமக்கு இல்லையே!" என்று சிரித்தாள் நோலீன். சிரித்தபின் ஏனோ இருவரும் ஆவியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் கையெழுத்துப் போட்டார். தொழில் என்ற கட்டத்தில் 'தலைமை ஆசிரியர், ஓய்வு' என்று எழுதும்போது பேனா இரண்டு இடத்தில் காகிதத்தைக் கிழித்தது.

மே மாதம் பதில் வந்தது. சாட்சியின் பெயர் ஆசிரியர் பதிவேட்டில் இல்லை. சரியான சான்று வரும்வரை பென்ஷன் நிறுத்தி வைக்கப்படுகிறது. கூடவே ஒரு புதுப் படிவம்.

நோலீன் விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். பென்ஷன் இல்லையென்றால் வாசிதிக்கு வாடகை இல்லை. வாடகை இல்லையென்றால் ஃபியோனாவிடம் டிக்கெட் கேட்க வேண்டும். அந்த வீட்டின் பின்னறை... கண்ணாடி ஜன்னலின் உள்பக்கம் உறைகிற ஈரம்... "ஆறு மாசத்துல திரும்பி வருவீங்கன்னு சொன்னேன்ல, அம்மா?" என்கிற அந்தக் குரல். செத்தாலும் அந்தக் குரலைக் கேட்கக் கூடாது என்றுதான் அவள் விமானம் ஏறியிருந்தாள்.

ஆனால் அதையெல்லாம்விட அவளைச் சுட்டது வேறு. 'பதிவேட்டில் இல்லை' என்றால் என்ன அர்த்தம்? ஒரு மனுஷனை இப்படியா அவமானப்படுத்துவது! உட்கார்ந்து நான்கு பக்கம் பதில் எழுதினாள். எழுதிய கையோடு மெர்வினின் குடிசைக்கு ஓடினாள்.

"கேளுங்க! 'முப்பத்தோரு ஆண்டுகள் பிள்ளைகளுக்காக உழைத்த ஒரு தலைமை ஆசிரியரை நீங்கள் சந்தேகித்திருக்கிறீர்கள். அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள்.' எப்படி? காரம் போதுமா? இன்னும் போடட்டுமா?"

மெர்வின் வாசல் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அனுப்பாதீங்க, நோலீன்."

"ஏன்? எனக்குப் பயமில்ல!"

"அவங்க சொல்றது சரி."

தகரக் கூரைமேல் எங்கோ ஒரு பழம் விழுந்து உருண்டது.

"நான் ஹெட்மாஸ்டர் இல்ல. வாத்தியார்கூட இல்ல. அந்தப் பள்ளிக்கூடத்துல பாய்லருக்குக் கரி போட்டவன். புல் வெட்டினவன். பிள்ளைங்க வாந்தி எடுத்தா மரத்தூள் தூவி அள்ளினவன். மணி அடிச்சவன்." அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். "அன்னைக்கு நீங்க கேமராவோட நின்னீங்க. பெரிய இடத்து அம்மா மாதிரி... நான் கையில கிழங்குச் சாக்கோட... என்ன சொல்றதுன்னு தெரியல. வாயில வந்துடுச்சு. அப்புறம் ஊரே மாஸ்டர்ஜி, மாஸ்டர்ஜின்னு... ஒவ்வொரு தடவையும் மண்ணுக்குள்ள போயிடலாம் போல இருக்கும்."

நோலீன் கத்தவில்லை. நான்கு பக்கத்தையும் நான்காக மடித்தாள்.

"இந்தக் கையெழுத்தைப் போடும்போதாவது சொல்லியிருக்கலாமே" என்றாள். "நான் இப்ப காகிதத்துல செத்துப்போனவ."

திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அவர் கூப்பிடவில்லை. கூப்பிட அவருக்கு முகமில்லை.

மூன்று நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை நோலீன். பொய் சொன்னார், பொய் சொன்னார் என்று மனம் ஒரே பாட்டைப் பாடியது. மூன்றாம் நாள் அந்தப் பாட்டு ஓய்ந்து, அடியிலிருந்து வேறொரு கேள்வி எட்டிப் பார்த்தது. மணி அடிக்கிறவர் என்று அன்றைக்கே தெரிந்திருந்தால்... அந்த முட்டையை நீ வாங்கியிருப்பாயா, நோலீன்?

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. வாசிதியிடம் 'ஹெட்மாஸ்டர்' என்று சொன்னபோது நிமிர்ந்த தன் கழுத்து நினைவுக்கு வந்தது. படகுத்துறை ஆட்களிடம் அவள் தன்னைப் பற்றி என்ன சொல்லியிருந்தாள்? 'ஹோட்டல் நிர்வாகம்.' இருபத்தாறு வருஷம் அவள் பார்த்த வேலை ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். ரத்தக் கறைப் போர்வைகளைப் பிரித்துப் போட்டு, வெந்து உலர்ந்ததும் மடித்து அடுக்குகிற வேலை. நான் மட்டும் யோக்கியமா என்று தலையணையில் முகம் புதைத்துக்கொண்டு அழுதாள். கோபத்தில் வந்த அழுகை இல்லை அது, வெட்கத்தில் வந்தது.

மறுநாள் காலை வாசிதி கதவைத் தட்டினாள். கையில் சூடான பன்.

"அக்கா, நாலு நாளா மூஞ்சியத் தொங்கப் போட்டா பென்ஷன் வந்துடுமா? பள்ளிக்கூடத்துல நிஜ ஹெட்மிஸ்ட்ரஸ் இருக்காங்க, பர்மிளா டீச்சர். போய்க் கேளுங்க. கடிக்க மாட்டாங்க."

"வாசிதி... வாடகை..."

"நான் கேட்டேனா? பன்னைச் சாப்பிட்டுக் கிளம்புங்க."

பள்ளிக்கூட வாசலில் நுழையும்போதே புல் வெட்டும் இயந்திரத்தின் இரைச்சல். மைதானத்தின் கடைசியில் ஒரு வைக்கோல் தொப்பி. நோலீனின் கால்கள் நின்றுவிட்டன.

பர்மிளா டீச்சர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நீங்கதான் நோலீனா? உக்காருங்க. உங்களுக்காக நாலு நாளாக் காத்திருக்கேன்."

"எனக்காகவா?"

"அந்த மனுஷர் செவ்வாக்கிழமை வந்தார். லேட்டா வந்த பையன் மாதிரி என் மேஜை முன்னால நின்னார். 'நான் மாஸ்டர் இல்ல, ஊரை ஏமாத்திட்டேன்'னார். என் ஒருத்திகிட்டச் சொன்னாப் போதாதுன்னு ஆசிரியர் அறையில எல்லார் முன்னாலயும் மறுபடி சொன்னார். என் டீச்சர்ஸ் எங்க பார்க்கிறதுன்னு தெரியாம டீ கப்பையே பார்த்துட்டிருந்தாங்க. அப்புறம், 'என்னால ஒரு அம்மா பென்ஷன் நின்னுடுச்சு, நீங்க கையெழுத்துப் போடணும்'னு கெஞ்சினார். ஆளைப் பார்க்காம நான் போட மாட்டேன்னு சொன்னேன். 'நான் கூப்பிட்டா வர மாட்டாங்க'ன்னு சொல்லிட்டுப் போய்ப் புல்லை வெட்ட ஆரம்பிச்சார். இன்னும் நிறுத்தல. நானும் நிறுத்தச் சொல்லல. மைதானம் ரொம்ப மோசமாக் கிடந்தது."

நோலீன் சிரித்தாள். சிரிப்பின் பாதியிலேயே கண் நிறைந்துவிட்டது.

"ம்... மூச்சு விடுறீங்க, சிரிக்கிறீங்க, அழுறீங்க" என்றார் பர்மிளா. "உயிரோடதான் இருக்கீங்க. நான் சாட்சி." நோலீன் நீட்டிய புதுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

மதிய இடைவேளை நேரம். வெளியே இயந்திரம் நின்றது. மெர்வின் மைதானத்தைக் கடந்து, பள்ளிக்கூட மணியாக மாமரத்தில் தொங்குகிற பழைய காஸ் சிலிண்டரிடம் வந்தார். இரும்புக் கம்பியை எடுத்தார். எண்ணி எட்டு அடி. ஒரே இடைவெளி, ஒரே அழுத்தம். கடைசி அடி ஓயும் வரை உள்ளங்கையைச் சிலிண்டர் மேல் வைத்திருந்தார். குனிந்தே நடந்த மனுஷன் அந்த நேரம் மட்டும் நிமிர்ந்து நின்றார். நோலீன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெட்மாஸ்டராக இருந்த மூன்று மாதத்தில் அவர் ஒரு நாளும் இவ்வளவு அழகாக இருந்ததில்லை என்று தோன்றியது.

பிள்ளைகள் பாய்ந்து வெளியே வந்தார்கள். அதே நேரம் மழையும் வந்தது. அவள் அதே மழையில் மாமரத்துக்கு நடந்தாள்.

அவர் அவளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டார். தலைமுடி முழுக்கப் புல்.

"கையெழுத்து..."

"ஆச்சு."

"அப்ப... நல்லது." தரையைப் பார்த்தார். "நான் வேற எதுவும் கேட்கல, நோலீன். மன்னிக்கச் சொல்லியும் கேட்கல."

"நான் ஹோட்டல் நடத்தினதில்ல, மெர்வின்" என்றாள் அவள். "ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம். இருபத்தாறு வருஷம். எனக்குக் கடலைப் பார்த்த வீடும் கிடையாது. அந்தக் கேமராவுல பேட்டரியே இல்ல."

அவர் மெல்ல நிமிர்ந்தார்.

"இன்னொண்ணும் இருக்கு. சொல்லவே வெட்கமா இருக்கு... மணி அடிக்கிறவர்னு அன்னைக்குச் சொல்லியிருந்தீங்கன்னா, நான் உங்க முட்டையை வாங்கியிருக்க மாட்டேன். அவ்வளவுதான் நான். அதை நினைச்சுத்தான் அழுதேன்."

"இன்னைக்கு?" என்றார். குரல் மழையில் பாதி கரைந்தது. "இன்னைக்கு வாங்குவீங்களா?"

அவள், முந்தானை இல்லாத குறைக்குத் தன் சட்டைக்குள் மறைத்து வைத்திருந்த படிவத்தை எடுத்தாள். மழை படாமல் அவர் தொப்பியைப் பிடுங்கி அதன் மேலே கவிழ்த்துப் பிடித்தாள்.

"அடுத்த வருஷமும் இந்தக் கடிதம் வரும். அப்பவும் நீங்க சாட்சி போட முடியாது."

"தெரியும்" என்றார் மெர்வின் தலை குனிந்து. "நான் வாத்தியார் இல்ல."

"அதுக்காக இல்ல. கீழ படிங்க. அன்னைக்கு நீங்கதானே சத்தமாப் படிச்சீங்க?"

அவள் விரல் வைத்த வரியை அவர் படித்தார். சாட்சி உறவினராகவோ... அடுத்த சொல்லில் நின்றுவிட்டார். திரும்ப முதலிலிருந்து படித்தார். காது மடல் மெல்ல மெல்லச் சிவந்தது.

"என்ன... அந்த வரியில ஏதாவது சந்தேகமா?" என்றாள் நோலீன். அறுபத்தெட்டு வயதில் இப்படி ஒரு கேள்வி கேட்டுவிட்டு எங்கே ஓடுவது?

மெர்வின் சுற்றிவந்து அவளுடைய இடது பக்கம் நின்றுகொண்டார். காதருகே குனிந்தார்.

"சந்தேகமே இல்ல" என்றார். "அடுத்த வருஷமும் பர்மிளா டீச்சரையே கேட்போம்."